டைலின் முதுகில் குடியிருந்த தண்ணீர்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக் குளியலறையில் மேசன் பாஸ் முதல் டைலை நெம்பி எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை, வைத்த நாளைப் போல மினுங்கியது. பாஸ் அதைத் திருப்பிக் காட்டினார். நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து சீமெந்துக் கட்டிகள். கட்டிகளுக்கு நடுவே கறுப்பாய், வழுவழுப்பாய் ஒரு படிவு. பாசி பிடித்த கிணற்றடி வாடை. “டைலில ஒரு பிழையும் இல்ல அம்மா. பின்னால தண்ணி குடியிருந்திருக்கு” என்றார். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் எங்கள் துணி அலுமாரி. அதன் முதுகுப்பலகை ஏன் ஒவ்வொரு வருடமும் பூஞ்சணம் பிடிக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

டைலின் மேற்பூச்சு கண்ணாடிதான். அதற்குள் தண்ணீர் போகாது. போவது டைல்களின் இடைவெளியில் நிரப்பிய சீமெந்து வழியாக. பள்ளிக்கூடத்தில் படித்த மயிர்த்துளை எழுகையை நினைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீற்றர் ஆரையுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாகவே 15 சென்ரிமீற்றர் ஏறும். ஆரை நூறில் ஒன்றாகக் குறைந்தால், கணக்கின்படி ஏறக்கூடிய உயரம் 15 மீற்றர். சீமெந்துக்குள் இப்படிப்பட்ட நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. அது தண்ணீரைத் தானாகவே உறிஞ்சும். ஓர் அடிச் சதுர டைல் பதித்த சுவரில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறக்குறைய ஆறரை மீற்றர் நீளத்துக்கு இந்த இணைப்பு ஓடுகிறது.

அதனால் டைலுக்குப் பதில் எதை வைக்கலாம் என்று தேடத் தொடங்கியபோது, ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்டேன். இணைப்பு எவ்வளவு? உள்ளே போய்விட்ட தண்ணீர் எப்படி வெளியேறும்? இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுவரைக் காப்பது நாம் பார்க்கும் மேற்பரப்பு அல்ல, அதன் அடியில் பூசும் நீர்காப்புப் படலம். எதை ஒட்டினாலும் குளிக்கும் இடத்துச் சுவரில் அந்தப் படலத்தைத் தவிர்க்கக் கூடாது.

2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து டைல் கிடைக்காமல் போன காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டைல் இல்லாமலும் குளியலறை கட்டலாம் என்ற யோசனை அதன் பிறகுதான் எனக்கு வந்தது. கடையில் முதலில் காட்டுவது பீவீசி பலகை. பலகை தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. ஆனால் பிளாஸ்ரிக் வெப்பத்தில் நீளும். எட்டடிப் பலகை, சூடு 10 பாகை கூடினால் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் நீளும். ஓரத்தில் இடம் விடாமல் இறுக்கிப் பூட்டினால் நடுவில் புடைத்துக்கொள்ளும். புடைத்த இடத்தின் பின்னால் நான் சொன்ன அதே கறுப்புப் படிவு சேரும். நிறம் பூசிய வலுவூட்டிய கண்ணாடியில் இணைப்பு மிகக் குறைவு. வலுவூட்டிய பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. குழாய்க்கான துளைகள் உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து கொடுக்க வேண்டும். சாதாரண ஜிப்சம் பலகை குளிக்கும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம், நனைந்தால் இளகிவிடும்.

இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் பூசும் மைக்ரோசீமெந்தில் இணைப்பே இல்லை. அழகானது. ஆனால் தண்ணீரைத் தடுப்பது சீமெந்து அல்ல, அதன்மேல் பூசும் பொலியூரதேன் படலம். அடிச்சுவர் வெடித்தால் இதுவும் கூடவே வெடிக்கும்.

என் மனதை விட்டு அகலாதது மொரோக்கோ நாட்டின் ததலாக்த். மராகேஷ் நகரத்துக் குளியல் மண்டபங்களில் பூசும் சுண்ணாம்புச் சாந்து அது. பூச்சு இறுகும் முன்பே ஆற்றுக்கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு ஒலிவ் எண்ணெய்ச் சவர்க்காரம் கரைத்த தண்ணீரைப் பூசி மறுபடி தேய்ப்பார்கள். சவர்க்காரம் பூசினால் சுவரில் தண்ணீர் எப்படி ஒட்டாமல் போகும்?

யாழ்ப்பாணத்துக் கிணற்றில் குளித்தவர்களுக்கு விடை தெரியும். சுண்ணக்கல்லில் ஊறிய அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, வெள்ளைக் கசடாய்த் திரண்டு வாளியில் ஒட்டும். தண்ணீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத, தண்ணீரை ஒட்டவிடாத ஒரு புதுப்பொருளாக மாறுவதால் வருவது அந்தக் கசடு. சுண்ணாம்புச் சுவரில் கல்சியத்துக்குக் குறைவில்லை. அங்கே அந்தக் கசடு நுண்துளைகளுக்குள்ளேயே பிறந்து அவற்றை மெழுகுகிறது. துளையின் சுவர் தண்ணீரை விரும்பாவிட்டால் மயிர்த்துளை எழுகை நின்றுவிடும். மீதிச் சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. நம் அம்மாமார் வாளியில் உரஞ்சிக் கழுவிய அதே கசடு அங்கே சுவரைக் காக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்பு. ஆனால் இது கைவேலை, பழகிய கை வேண்டும். சவர்க்காரப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

எதைப் பூசினாலும் கொழும்பில் கடைசியில் காற்றிடம்தான் வந்து நிற்க வேண்டும். 27 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத் தாங்கும். சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பதம், 80 வீதமாக இருக்கும் நாளில் 21 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மீதி இடம் 5 கிராமுக்குத்தான். ஒன்றரை மீற்றர் அகலம், இரண்டு மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் உயரமான குளியலறையின் மொத்தக் காற்றும் 40 கிராமைக்கூட வாங்காது. அது இரண்டரை மேசைக்கரண்டித் தண்ணீர். ஆறு சதுர மீற்றர் சுவரில் 0.05 மில்லிமீற்றர் படலமாய்த் தண்ணீர் நின்றாலே 300 மில்லிலீற்றர். அறையின் காற்று எட்டுத் தடவை மாறினால்தான் அது காயும். கதவையும் யன்னலையும் சாத்தி வைத்தால் அடுத்தவர் குளிக்க வரும்வரை சுவர் ஈரமாகவே இருக்கும். குளித்த கையோடு ரப்பர் வைப்பரால் சுவரை ஒருமுறை இழுத்துவிட்டால் பெரும்பகுதித் தண்ணீர் வடிகாலுக்குப் போய்விடும். வெளியே ஊதும் மின்விசிறிக்கு மிச்ச வேலை சுலபம்.

இப்போது எங்கள் சுவரில் ஒட்டியிருப்பது ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாள்கள் இரண்டு, ஒன்று மேலே, ஒன்று கீழே. நாலு பக்கமும் ரேப் ஒட்டி ஒருநாள் விட வேண்டும். சுவருக்குள் ஈரம் இருந்தால் தாளின் உட்புறம் வியர்க்கும். ஈரச்சுவரில் நீர்காப்பைப் பூசினால் உள்ளே அகப்பட்ட நீர் அதைக் கொப்புளமாய்த் தள்ளிவிடும். நேற்றுப் பார்த்தபோது மேல்தாள் காய்ந்திருந்தது. கீழ்த்தாளில் இன்னும் முத்து முத்தாய்த் தண்ணீர். பாஸை இன்னும் மூன்று கிழமை பொறுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.