புழுவைக் கொல்ல அவசரம் வேண்டாம்

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டிவந்தார். முந்தைய நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கை மட்டும் தானாக வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. பிரஷ் கீழே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாயும் ஒரு பக்கம் கோணி, நினைவு தப்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தாராம். உடனே நின்றுவிட்டதாம். (பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும், பேர் மட்டும் சாவிக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.)

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இடது பக்கம் ஒரு சின்ன வளையம். கொண்டைக்கடலை அளவுகூட இருக்காது. உள்ளே ஒரு புள்ளி. அதுதான் புழுவின் தலை. வளையத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வீக்கம், வளையத்தைப்போல நாலைந்து மடங்கு பெரிதாக.

படத்தைக் காட்டி, "நாடாப்புழுவின் குஞ்சு" என்றேன். அந்த அம்மா இரண்டு விஷயம் சொன்னார். முதலில், "அது எப்படி? நாங்க முட்டைகூடத் தொட மாட்டோம் டாக்டர்." அப்புறம், "சரி, எதுவா இருந்தாலும் இன்னைக்கே பூச்சி மாத்திரை குடுத்துக் கொன்னுடுங்க."

இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. சில மீட்டர் நீளம் வளர்ந்தாலும் பலருக்கு அது இருப்பதே தெரியாது. மூளைக்குள் புழு வருவது வேறு வழியில். குடலில் புழு உள்ளவரின் மலத்தில் அதன் முட்டைகள் ஆயிரக்கணக்கில் வெளியேறும். அவர் கழிப்பறை போய்விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்கினாலோ, அந்த மலம் கலந்த தண்ணீர் கொத்தமல்லிப் பாத்திக்குப் பாய்ந்தாலோ, முட்டை நம் தட்டுக்கு வந்துவிடும். அது குடலில் பொரிந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதில் கறி எங்கேயும் இல்லை. நியூயார்க்கில் பன்றிக்கறியை மதக் கட்டளையாகவே விலக்கி வைத்திருக்கும் யூதக் குடும்பங்களில் சிலருக்கு இதே நோய் வந்தது 1992-ல் மருத்துவ இதழில் வெளியானது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாகப் பரவியிருக்கலாம் என்று கண்டார்கள்.

இரண்டாவது பேச்சுதான் எனக்குக் கவலை தருவது.

மூளைக்குள் உயிரோடு இருக்கும் புழு சத்தம் போடாத குடித்தனக்காரன் மாதிரி. தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய நீர்ப்பை கட்டிக்கொண்டு, நம் நோய் எதிர்ப்புச் செல்களை மந்தப்படுத்தும் பொருட்களைச் சுரந்துகொண்டு, வருடக்கணக்கில் கிடக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலருக்கு, திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் வலிப்பு வந்தது. அத்தனை நாளும் புழு உள்ளே இருந்தது, தலைவலிகூட இல்லை.

தொந்தரவு அது சாகத் தொடங்கும்போதுதான். வயதாகியோ மருந்தாலோ பையின் சுவர் நைந்து, உள்ளிருப்பது கசிகிறது. இத்தனை நாள் ஏமாந்திருந்த எதிர்ப்புச் செல்கள் அப்போதுதான் விழித்துக்கொண்டு படையெடுக்கின்றன. ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பு தளர்கிறது. நீர் கோத்து வீங்குகிறது. அங்கே குவியும் செல்கள் சுரக்கும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளே வலிப்பைத் தூண்டவல்லது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். புழுவின் குஞ்சுக்குள்ளேயே நரம்பைக் கிளப்பிவிடும் குளூட்டமேட் இருப்பதாகச் சமீபத்திய ஆய்வு ஒன்று சொல்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது நரம்புச் செல். அது இந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் இல்லை. போன நரம்புச் செல்லுக்குப் பதில் புதிது முளைக்காது. அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

அதனால் புழுவை மருந்து கொடுத்துக் கொல்வது என்றால், தானாக மெதுவாக நடக்கவிருந்த சண்டையை நாமே ஒரே நாளில் மூட்டிவிடுவதுதான். மூட்டலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர் வாளியோடு தயாராக நிற்க வேண்டும். வாளி என்பது இங்கே வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து. அதைத் தொடங்கிவிட்டு, அதன் காப்பில்தான் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தைத் தருகிறோம். பள்ளியில் குடற்புழுவுக்குத் தரும் ஒற்றை 400 மில்லிகிராம் மாத்திரை வேறு கதை. அதை நிறுத்த வேண்டாம். பிள்ளைக்கு ஏற்கெனவே வலிப்பு இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூளைப் புழுவுக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், தினமும், பத்துப் பதினாலு நாள். நீர்ப்பை இரண்டுக்கு மேல் இருந்தால் பிராசிகுவாண்டெல் என்ற இன்னொரு புழு மருந்தும் சேரும்.

ஒரு கொத்தனார் நினைவுக்கு வருகிறார். முப்பது வயது இருக்கும். ஒருமுறை வலிப்பு வந்து, எங்கோ ஸ்கேன் எடுத்திருக்கிறார். ஏழெட்டு நீர்ப்பைகள். அறிக்கையில் நோயின் பெயரைப் பார்த்த யாரோ ஆல்பெண்டசோல் மட்டும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் தலைவலி, வாந்தி. நாலாம் நாள் அடுத்தடுத்து ஐந்து வலிப்பு. எங்களிடம் தூக்கிவந்தபோது பேச்சு இல்லை. மருந்து தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது, எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் சாகத் தொடங்கியிருந்தது. ஊசி வழியாக ஸ்டீராய்டு, வலிப்பு மருந்து, ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிழைத்தார். ஆனால் கரண்டி பிடிக்கும் கை இன்னும் முன்போல் ஓடுவதில்லை என்கிறார். அந்த மாத்திரைப் பட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருந்தது.

சில நோயாளிகளுக்குப் புழு மருந்தே கூடாது. மூளை முழுக்க நூற்றுக்கணக்கில் பைகள் இருந்து மூளையே வீங்கியிருந்தால், கொல்லக் கொல்ல நிலைமை மோசமாகும். ஃபரிதாபாத்தில் 18 வயதுப் பையன் ஒருவனின் படம் 2019-ல் மருத்துவ இதழில் வந்தது. மூளை முழுவதும் பொத்தல் பொத்தலாக, கண்ணிலும் புழு. மருத்துவர்கள் தெரிந்தே புழு மருந்தைத் தவிர்த்து, வீக்கத்துக்கும் வலிப்புக்கும் மட்டும் சிகிச்சை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் இறந்துபோனான். மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று அப்போது வாட்ஸ்அப்பில் பேசியவர்களுக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரியவில்லை.

கண்ணைச் சொன்னேன் அல்லவா, புழு மருந்து தொடங்குமுன் கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். கண்ணுக்குள் ஒரு புழு செத்தால் அங்கே வரும் வீக்கம் பார்வையையே பறித்துவிடும். ஐந்து நிமிடப் பரிசோதனை. அதேபோல் ஸ்டீராய்டையும் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். சர்க்கரை ஏறும், மறைந்திருக்கும் காசநோய் தலைதூக்கும். சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து.

காசநோய் என்றதும் வேலூர் நினைவுக்கு வருகிறது. வலிப்போடு வந்து ஸ்கேனில் இப்படி ஒற்றைக் கட்டி தெரிந்தால், ஒரு காலத்தில் அதைக் காசநோய்க் கட்டி என்றே எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அந்தக் கட்டிகளை எடுத்துப் பரிசோதித்து, பெரும்பாலானவை செத்துக்கொண்டிருக்கும் நாடாப்புழுக் குஞ்சுகள் என்று 1989-ல் எழுதினார்கள். பின்னர் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்ததில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. நம் ஊர் நோய் இது. ஆனாலும் வலிப்பு என்றால் பேய், கிரகம், பரம்பரை என்று போகிறோமே தவிர, கழிப்பறைக்கு வெளியே சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று ஒரு வதந்தி ஓயாமல் சுற்றுகிறது. முட்டைக்கோஸ் பாவம். பொரியலில் அது வெந்துவிடுகிறது. வெந்த எதிலும் முட்டை பிழைக்காது. யோசிக்க வேண்டியது பச்சையாகப் போவதை. தயிர்ப்பச்சடி வெங்காயம், மேலே தூவும் மல்லித்தழை, தள்ளுவண்டித் தட்டில் கிடக்கும் வெள்ளரி. உப்பும் மஞ்சளும் கலந்த நீர் முட்டையைக் கொல்லாது. ஓடும் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். பன்றிக்கறி சாப்பிடுபவர்கள் நடுவில் சிவப்பு இல்லாமல் வேகவையுங்கள். மலத்தில் நாடா போலத் துண்டு துண்டாக வெள்ளையாக எதையாவது பார்த்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரே வேளை மருந்தில் தீரும்.

அந்தப் பெண்ணுக்கு வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் தொடங்கினோம். கண் பார்த்து, சில நாள் கழித்துப் புழு மருந்து. வீட்டில் எல்லோருக்கும், சமையல் உதவிக்கு வரும் அம்மாவுக்கும் மலப் பரிசோதனை செய்தோம். யாரிடமும் எதுவும் இல்லை. பெரும்பாலும் இப்படித்தான், எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. சமையல்கார அம்மாவை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், ஒரு சோப்பு வாங்கி வையுங்கள் என்றேன்.

ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன். வளையம் இல்லை, வீக்கம் இல்லை. சிலருக்கு அந்த இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி ஒன்று தங்கிவிடும். அதைச் சுற்றி மறுபடி வீக்கம் வந்து வலிப்பும் வரலாம் என்பதால் மாத்திரை நீளும். இவளுக்கு அதுவும் இல்லை. இனி மெதுவாக அளவைக் குறைத்துக்கொண்டு போகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று சொல்லி எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "செத்த புழு எங்க போச்சு டாக்டர்?"

"உடம்பே கொஞ்சம் கொஞ்சமா தின்னு செரிச்சிருச்சும்மா."

முகத்தைச் சுளித்தார். "நாங்க சுத்த சைவம் டாக்டர்."