மனைவி ஊரில், வரி அமெரிக்காவில்: ஜாயிண்ட்டாக ஃபைல் செய்யும் முன்

கல்யாணம் முடிந்து துணை மதுரையிலோ கோவையிலோ விசாவுக்குக் காத்திருக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர் டாக்ஸ் சாஃப்ட்வேரில் ‘மேரீட் ஃபைலிங் ஜாயிண்ட்லி’யைத் தட்டுகிறார், ரீஃபண்ட் கூடுகிறது, அனுப்பிவிடுகிறார். துணையின் வருமானம் ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. இந்த சீசனிலும் இதே கதை வந்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. டிசம்பர் 31 அன்று நீங்கள் கல்யாணமானவர் என்றால் ‘சிங்கிள்’ என்று போடவே கூடாது. மனைவி அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை என்பதெல்லாம் காரணமாகாது. கிரீன் கார்டுக்காரர் ஒரு பக்கம் மனைவிக்கு ஐ-130 என்ற குடியேற்ற மனு போட்டுவிட்டு மறுபக்கம் ‘சிங்கிள்’ என ஃபைல் செய்தால், பின்னால் டாக்ஸ் டிரான்ஸ்கிரிப்ட் (ஃபைல் செய்த விவரத்தின் நகல்) கேட்கும்போது இரண்டும் முரண்படும். பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டே வழி: தனியாக ஃபைல் செய்வது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் துணையை அந்த வருடம் முழுவதும் அமெரிக்க வரிக் குடியிருப்பவராகக் (வரிச் சட்டத்தின் கண்ணில் ‘ரெசிடென்ட்’) கருதும்படி இருவரும் சேர்ந்து கேட்டு ஜாயிண்ட்டாகப் போடுவது. வரிச் சட்டம் 6013(ஜி) பிரிவு சொல்வது இந்த இரண்டாவதைத்தான். இதற்கு ஒருவராவது குடிமகனாகவோ வரிக் குடியிருப்பவராகவோ இருக்க வேண்டும். எஃப்-1 விசாவில் முதல் ஐந்து காலண்டர் வருடங்களுக்குள் இருக்கும் மாணவர் பொதுவாக ‘நான்-ரெசிடென்ட்’தான், துணையும் இந்தியாவில் என்றால் அவருக்கு ஜாயிண்ட் கிடையாது.

லாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 வரி ஆண்டுக்குத் தனியாகப் போட்டால் வருமானத்தில் நேராகக் கழியும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர், ஜாயிண்ட்டில் 31,500. சம்பளம் 1,10,000 டாலர், துணைக்கு எந்த வருமானமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போட்டால் ஃபெடரல் வரி 15,649, ஜாயிண்ட்டில் 8,943. வித்தியாசம் 6,706 டாலர். ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு ‘எந்த வருமானமும் இல்லை’ என்ற இடத்தில்தான் நிற்கிறது. அதைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை.

துணைக்கு என்ன வருமானம் என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இது: “அதெல்லாம் இந்தியாவில். அங்கே வரி கட்டியாச்சு.” இல்லையென்றால், “அதற்கு அங்கே வரியே இல்லையே!” இரண்டுமே பதில் இல்லை. ஜாயிண்ட்டில் கையெழுத்துப் போட்ட வருடத்தில் துணையின் உலக வருமானம் முழுவதும் படிவம் 1040-இல், அதாவது வருடாந்திர வரி ரிட்டர்னில், வந்தாக வேண்டும். இந்தியாவில் வரி கட்டியிருந்தால் வருமானத்தைக் காட்டிவிட்டு, படிவம் 1116 வழியாக அந்த வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளக் கிரெடிட் கேட்க வேண்டும். காட்டாமலே விடுவதற்கு அது அனுமதி இல்லை. இந்தியாவில் வரிவிலக்கு என்பது இன்னும் மோசம். கிரெடிட் எடுக்க அங்கே கட்டிய வரியே இருக்காது. பிபிஎஃப் வட்டி, விவசாய வருமானம், உங்கள் என்ஆர்இ டெபாசிட் வட்டி எல்லாம் இந்த ரகம். கிராமத்துப் புஞ்சை நிலத்தை விற்றதற்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லாமல் போகலாம், வீட்டை விற்றுப் புது வீடு வாங்கி 54-ஆம் பிரிவில் விலக்கு வாங்கியிருக்கலாம். அமெரிக்கச் சட்டம் அந்த விலக்குகளைப் பார்ப்பதே இல்லை. துணையின் பெயரில் சொத்து விற்கிற வருடத்தில் ஜாயிண்ட் போடலாமா என்று கணக்குப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

சம்பளத்துக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர் படிவம் 2555 வழியாக 2025-க்கு 1,30,000 டாலர் வரை சம்பளத்தைக் கழித்துக்கொள்ளலாம். புது வரி முறையில் 12 லட்சம் வரை இந்தியாவில் வரி வராத சம்பளத்துக்கு, கிரெடிட்டைவிட இதுதான் கைகொடுக்கும். ஆனால் வட்டிக்கும் வாடகைக்கும் இது பொருந்தாது. கழித்த சம்பளமும் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை நிர்ணயிக்கக் கணக்கில் சேரும்.

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருக்கும் துணை என்றால் இன்னும் கவனம். இந்திய ஃபண்டுகள் அமெரிக்கக் கணக்கில் ‘பிஃபிக்’ (செயல்படாத வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்). விற்றால் ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி படிவம் 8621, வழக்கமான மூலதன ஆதாய விகிதமும் கிடைக்காது. ஏழெட்டு எஸ்ஐபி வைத்திருப்பவருக்கு ஃபைலிங் செலவே சேமிப்பைத் தின்றுவிடும்.

ஃபார்ம் 16-ஐ அப்படியே அனுப்பாதீர்கள். அது ஏப்ரல் முதல் மார்ச் வரை. இங்கே வேண்டியது ஜனவரி முதல் டிசம்பர் வரை. மாதச் சம்பளச் சீட்டுகளையும், வங்கியிடம் காலண்டர் வருடத்துக்கு வட்டிச் சான்றிதழும் வாங்குங்கள்.

கணக்கு விவரம் சொல்லும் படிவங்களை வரி தயாரிப்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். ஜாயிண்ட் போட்டதால் மட்டும் இந்தியாவில் இருக்கும் துணை எஃப்பிஏஆர் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் அறிக்கை) போட வேண்டியதில்லை. ஆனால் அவருடைய கணக்குகள் ரிட்டர்னோடு வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் படிவம் 8938-க்குக் கணக்கில் வரும். இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கு உங்கள் எஃப்பிஏஆரில் வந்தே தீர வேண்டும். உங்கள் வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே போதும்.

இனி காகித வேலை. முதல் வருட ரிட்டர்னோடு ஓர் அறிக்கை இணைக்க வேண்டும்: வருடக் கடைசி நாளில் ஒருவர் குடிமகன் அல்லது குடியிருப்பவர், மற்றவர் இல்லை, முழு வருடத்துக்கும் இருவரையும் குடியிருப்பவர்களாகக் கருதத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எழுதி, இருவரின் பெயர், முகவரி, அடையாள எண் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். 1040-இல் இதற்கென உள்ள கட்டத்தை டிக் செய்தாலும் அறிக்கை வேண்டும்.

துணைக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி எண்) இல்லையென்றால் டபிள்யூ-7 படிவம் போட்டு ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். காரணப் பட்டியலில் ஐந்தாவது கட்டம், குடிமகன் அல்லது குடியிருப்பவரின் துணை என்பது. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். இனிஷியலை விரித்தோ, கல்யாணத்துக்குப் பின் வைத்துக்கொண்ட பெயரையோ எழுதினால் திரும்பி வரும். ஊர் நோட்டரி முத்திரை போட்ட ஜெராக்ஸ் செல்லாது. அசல் பாஸ்போர்ட், அல்லது அதை வழங்கிய அலுவலகம் சான்றளித்த நகல், அல்லது ஐஆர்எஸ் (அமெரிக்க வரித் துறை) அங்கீகரித்த சான்றளிப்பு ஏஜெண்ட் சரிபார்த்தது வேண்டும். விசா நேர்காணல் நெருங்குகிற நேரத்தில் அசலை அனுப்பாதீர்கள், தயவுசெய்து. வெளிநாட்டிலிருந்தோ சீசனிலோ விண்ணப்பித்தால் 9 முதல் 11 வாரம் ஆகும். எண் வரும்வரை இ-ஃபைல் கிடையாது. பேனாவால் கையெழுத்திட்ட ரிட்டர்னும் டபிள்யூ-7-உம் ஒரே உறையில் ஆஸ்டினில் உள்ள ஐடிஐஎன் பிரிவுக்குப் போக வேண்டும். வழக்கமான 1040 முகவரிக்கு அல்ல.

ஒரு வருடத்தோடு இது முடிவதும் இல்லை. அடுத்த வருடம் தனித்தனியாகப் போட்டாலும், தேர்வை ரத்து செய்யாதவரை துணை தன் உலக வருமானத்தைக் காட்ட வேண்டும். ரத்து செய்துவிட்டால், அதே துணையோடு இந்தத் தேர்வை மறுபடி செய்ய முடியாது.

அதனால் துணையிடம் பேசாமல் அவர் பெயரில் கையெழுத்து வாங்காதீர்கள். ஜாயிண்ட் ரிட்டர்னில் வரும் வரி, வட்டி, அபராதம் அனைத்துக்கும் இருவருமே முழுப் பொறுப்பு. உங்கள் வருமானத்தில் நீங்கள் விட்ட பிழைக்கும் ஊரில் இருக்கும் அவரே பதில் சொல்ல நேரும். துணையின் வருமானக் கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை என்றால் ஏப்ரல் 15-க்குள் தனியாக ஃபைல் செய்யுங்கள். ஃபைல் செய்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் 1040-எக்ஸ் (திருத்த ரிட்டர்ன்) போட்டு ஜாயிண்ட்டுக்கு மாறலாம். ஜாயிண்ட் போட்டுக் கெடு தாண்டிய பிறகு, அந்த வருடத்துக்குத் தனித்தனியாக மாற முடியாது.