மறதி என்று வருகிறவரிடம் தூக்கத்தைப் பற்றி ஏன் கேட்கிறேன்

மறதி என்று சொல்லிக்கொண்டு என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பலர், என் முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றியதாக இருப்பதைக் கண்டு சற்று ஏமாற்றம் அடைகிறார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்வேன் என்றோ, நினைவாற்றலுக்கு மாத்திரை எழுதித் தருவேன் என்றோ எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், குறட்டை உண்டா, எழும்போது களைப்பு தீர்ந்திருக்கிறதா என்ற விசாரணை பொருந்தாததாகத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நரம்பியல் மருத்துவராக இத்தனை ஆண்டுகளில், மறதியின் காரணம் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளிலேயே புலப்பட்ட சந்தர்ப்பங்கள் ஏராளம்.

பார்த்ததும் படித்ததும் உடனே நிலையான நினைவாகிவிடுவதில்லை. புதிதாக அறிந்தவை முதலில் மூளையின் பக்கமடலில் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை நம்பியே நிற்கின்றன. 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையில் அந்தப் பகுதியின் பெரும்பங்கை இருபுறமும் இழந்த ஹென்றி மோலெய்சன், தம் இளமைக்கால நிகழ்ச்சிகளைச் சொல்ல முடிந்தும், 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்தவற்றைச் சில நிமிடங்களுக்கு மேல் நினைவில் நிறுத்த இயலாதவராகவே வாழ்ந்தார். பழைய நினைவுகள் வேறிடத்தில், அதாவது மூளையின் மேற்பரப்பாகிய புறணியில் பதிந்திருக்கின்றன என்பதும், அங்கே போய்ச் சேர்வதற்கு ஹிப்போகாம்பஸின் துணை தேவை என்பதும் அவரால் தெளிவாயிற்று. அந்தப் போய்ச் சேர்தலில் பெரும்பங்கு நாம் உறங்கும்போது நடக்கிறது.

தூங்கி எழுந்தவருக்கு, அதே நேரத்தை விழித்துக் கழித்தவரைவிடக் கற்றது கூடுதலாக நினைவிருக்கிறது என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இரு உளவியலாளர்கள் 1924இலேயே காட்டினார்கள். தூக்கத்தில் வெளித்தொந்தரவு இல்லாததால் நினைவு கலையாமல் இருக்கிறது என்று மட்டுமே அன்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. உறங்கும் மூளை சும்மா இருப்பதில்லை என்பதற்கான நேரடிச் சான்று 1994இல் வில்சன், மெக்நாட்டன் ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வில் கிடைத்தது: எலி பாதையில் நடந்து திரிந்தபோது ஹிப்போகாம்பஸில் எந்தெந்த நரம்பணுக்கள் சேர்ந்து இயங்கினவோ, அவையே அதன் பிறகு வந்த ஆழ்ந்த தூக்கத்திலும் மீண்டும் சேர்ந்து இயங்கின. பகலில் நடந்த பாதையை இரவில் மூளை திரும்பவும் நடந்து பார்க்கிறது என்று இதைச் சொல்லலாம். மனிதரிடம் இதைத் தூண்டிவிடவும் முடியும். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரோஜா மணத்தை முகர்ந்தவாறே படங்களின் இடங்களை மனனம் செய்தவர்களுக்கு, ஆழ்ந்த தூக்கத்தின்போது அதே மணத்தை மீண்டும் காட்டியதும், மறுநாள் அந்த இடங்கள் கூடுதலாக நினைவிருந்தன.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஆழ்ந்த தூக்கம் இரவின் முற்பகுதியில் மிகுதி. கண்கள் விரைந்து அசையும் கனவுத் தூக்கம் பிற்பகுதியில் நீள்கிறது. ஆகவே எட்டு மணி நேரத் தூக்கத்தில் கடைசி இரண்டு மணி நேரத்தை அலாரம் வைத்துக் குறைத்துக்கொள்கிறவர் கால்வாசித் தூக்கத்தை மட்டுமே இழந்ததாக நினைக்கலாம்; உண்மையில் கனவுத் தூக்கத்தின் கணிசமான பகுதியை அவர் இழந்துவிடுகிறார்.

கனவைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் அதற்கு என்ன பொருள் என்றே கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கனவில் அன்றைய அனுபவத்தின் துண்டுகள் வந்து கலக்கின்றன என்பதுதான். டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைப் பல மணி நேரம் ஆடியவர்களுக்குத் தூக்கம் கவியும் நேரத்தில் அதன் கட்டைகள் விழும் காட்சி தோன்றியது என்று 2000இல் தூக்க ஆய்வாளர் ஸ்டிக்கோல்டும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். அதில் என்னைத் திகைக்க வைத்த செய்தி வேறொன்று: விளையாடியதே நினைவில்லாத ஞாபகமறதி நோயாளிகள் சிலருக்கும் அதே காட்சி தோன்றியிருந்தது. கனவே நினைவை உண்டாக்குகிறது என்று இதைக்கொண்டு நான் சொல்லமாட்டேன். நினைவுகள் அடுக்கப்படும் வேலை நடக்கும்போது வெளியே தெரியும் தடயமாகவே கனவை நான் கருதுகிறேன். மேலும், கனவே வருவதில்லை என்று கவலைப்படத் தேவையில்லை. கனவுத் தூக்கத்தில் நோர்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பு அடங்கியிருப்பதால் கனவுகள் எளிதில் பதிவதில்லை, அவ்வளவே.

தேர்வுக்கு முந்தைய இரவை முழுதும் விழித்துக் கழிக்கும் மாணவர்களைப் பற்றி நான் மிகவும் வருந்துகிறேன். அப்படிச் செய்வதில் இழப்பு இரண்டு: அன்று படித்தது பதிவதற்கான நேரம் போய்விடுகிறது; தூங்காத மூளையில் ஹிப்போகாம்பஸ் மந்தமாகிவிடுவதால், மறுநாள் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதைப் பெற்றோர் சலுகையாக நினைக்காமல், படிப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

நடுவயதினரிடம் நான் அதிகம் காண்பது தூக்கத்தில் மூச்சடைப்பு. உரத்த குறட்டைக்கு நடுவே சில விநாடிகள் மூச்சு நின்று, திணறலோடு திரும்புகிறது. நோயாளிக்கு விழித்த நினைவே இருப்பதில்லை, ஆனால் மூளை ஒரு மணி நேரத்தில் பலமுறை ஆழத்திலிருந்து மேலே இழுக்கப்பட்டுவிடுகிறது. தமக்கு மறதிநோய் தொடங்கிவிட்டது என்று அஞ்சி வந்த சிலர், இரவில் மூச்சுப்பாதை அடையாமல் காக்கும் காற்றழுத்தக் கருவியை முறையாக அணியத் தொடங்கிய பின் தெளிவு திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் வருவதற்காக மது அருந்துவது எதிர்விளைவையே தரும். அது கனவுத் தூக்கத்தை அடக்கி, பின்னிரவைத் துண்டாடுகிறது. சளிக்கும் அலர்ஜிக்கும் தரப்படும் மயக்கமூட்டும் பழைய மாத்திரைகளைத் தூக்கத்துக்காக விழுங்கும் முதியவர்களுக்கு, அவையே மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும்.

கனவில் நடப்பதற்கேற்ப ஒருவர் கைகால்களை வீசி அடித்தால், அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். கனவுத் தூக்கத்தில் இயல்பாகத் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் அப்படித் தளராதது, பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே தெரியும் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

மறதிக்காக மருத்துவரைப் பார்க்கச் செல்லும் முன், இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், எழுந்த நேரம், இடையில் விழித்தது, உட்கொண்ட மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். முடிந்தால் அதே அறையில் உறங்குகிறவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மூச்சு நின்றதையும் நீங்கள் புரண்டதையும் கேட்டவர் அவர்தான்.