பிங் போகுது, ஃபைல் போகல

"சார், பிங் போகுது. ஆனா ஃபைல் அனுப்புனா அப்படியே நிக்கு," என்றாள் ஒரு மாணவி. மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் சோதனைதான் பிங்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகம். மூன்று சர்வர்களில் ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளை ஏற்றி, மாணவர்களுக்கென்று சொந்தமாக ஒரு கிளவுட் அமைத்திருந்தோம். ஒரே சர்வரில் இருக்கும் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள், தங்களுக்குள் நன்றாகப் பேசிக்கொண்டன. பக்கத்து சர்வரில் இருப்பதோடு பேசும்போதுதான் வம்பு.

விர்ச்சுவல் மெஷினுக்கு நிஜமான நெட்வொர்க் கார்டு கிடையாது. ஒன்று இருப்பதுபோல, மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் அதற்குக் காட்டுகிறது. கார்டை அடையாளம் காட்டும் மேக் முகவரியும் தருகிறது. அந்தக் கார்டிலிருந்து கிளம்பும் பாக்கெட், அதாவது தகவலின் ஒரு சிறு பொட்டலம், சர்வருக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் ஒரு ஸ்விட்சுக்கு வருகிறது. போக வேண்டிய இடம் அதே சர்வர் என்றால் அங்கேயே திரும்பிவிடும், வெளிக்கம்பியைத் தொடுவதே இல்லை. எங்கள் கோளாறு பாதி இடத்தில் மட்டும் தெரிந்தது இதனால்தான்.

வெளிக்கம்பி ஒன்று, அதில் போகும் நெட்வொர்க்குகள் பல. ஒன்றின் பேச்சு இன்னொன்றின் காதில் விழக் கூடாது. தாமிரபரணியில் கோடகன் கால்வாய்க்கும் பாளையங்கால்வாய்க்கும் உரிய தண்ணீர் கலந்தேதான் வருகிறது. அதனதன் அணைக்கட்டுக்கு வந்த பிறகுதான் பிரிகிறது. இது யார் வயலுக்கு என்று தண்ணீரில் எழுத முடியாது. பாக்கெட்டில் எழுதலாம். விலேன் (VLAN) என்ற முறை செய்வது அதைத்தான்: 12 பிட்டில் ஓர் எண். அப்படி 4094 நெட்வொர்க்குகள் வரை பிரிக்கலாம். ஒரு கல்லூரிக்கு இது தாராளம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆளுக்கு ஒன்றிரண்டு நெட்வொர்க் தரும் பெரிய கிளவுடுக்குக் காணாது. அதற்காக வந்த விஎக்ஸ்லேன் (VXLAN) என்ற முறையின் வரையறை 2014இல் வெளியானது. அதில் எண்ணுக்கு 24 பிட், அதாவது ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல்.

விஎக்ஸ்லேன் செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மெஷின் அனுப்பிய கவரைப் பிரிக்காமல், அப்படியே இன்னொரு பெரிய கவருக்குள் போட்டு, அடுத்த சர்வரின் முகவரியை மேலே எழுதி அனுப்புகிறது. நடுவில் இருக்கும் ஸ்விட்சுகளுக்கு உள்கவரைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. புதிதாக ஒரு நெட்வொர்க் உருவாக்க அவற்றில் கைவைக்கவும் வேண்டாம்.

ஆனால் வெளிக்கவருக்கும் இடம் வேண்டும். முகவரி போன்ற விவரங்களை எழுதும் முன்பகுதிக்குத் தலைப்பு என்று பெயர். ஐபி தலைப்பு 20 பைட், யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8, உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14. மொத்தம் 50. கம்பியின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு அது அனுமதிக்கும் அதிகபட்ச அளவு, 1500 பைட் என்றால் மெஷினுக்கு மிஞ்சுவது 1450தான். ஓப்பன்ஸ்டாக் இதைத் தானே கணக்கிட்டு, மெஷின்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வழியாக மெஷின்களுக்குச் சொல்லிவிடும். நாங்களோ, மெஷின்களை உருவாக்க அச்சாக இருக்கும் இமேஜைத் தயாரிக்கும்போதே 1500 என்று கையால் எழுதி வைத்திருந்தோம். பிங் பாக்கெட் சின்னது, நுழைந்துவிட்டது. ஃபைலின் பாக்கெட்டுகள் ஒவ்வொன்றும் 1500ஐத் தொட்டன. கவர் போடும் இடத்தில் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்பது விஎக்ஸ்லேன் விதி. அதனால் அவை சத்தமில்லாமல் கீழே போடப்பட்டன. அனுப்பிய மெஷின் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு, பிங்கின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னேன். 1422 போனது. 1423 போகவில்லை. பிங்குக்கே உரிய தலைப்புகள் 28 பைட். கூட்டினால் சரியாக 1450. அந்த மாணவி கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நான் சொல்லுமுன்பே இமேஜைத் திறந்து 1500 என்ற வரியை அழித்தாள்.

சர்வர்களுக்கு நடுவே எம்டியுவை 9000 ஆக்கியிருந்தால் மெஷின்களில் 1500ஐ வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் ஒத்துழைக்க வேண்டும். எங்களிடம் இருந்த பழைய ஸ்விட்ச் ஒன்று அதைத் தாங்காது என்பதால் 1450லேயே ஓட்டுகிறோம்.