வாரிசா, வழிவந்தவரா?

பாம்பனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தபால் வழியில் சமூகவியல் படிக்கிறாள். புதிதாக ஒரு சமய இயக்கத்தைத் தொடங்கியவர் மறைந்துவிட்டால், தலைமை யார் கைக்குப் போகிறது என்று அவளுக்கு ஒரு பாடம். ஒரு சாயங்காலம் நோட்டோடு வந்து நின்றாள். "சித்தப்பா, சக்சஸர்னா வாரிசுன்னே எழுதிரவா?" எழுது, யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

வாரிசு அரபிச் சொல். 'வாரித்' என்றால் ஒருவர் இறந்தபின் அவர் விட்டுச் சென்றதைப் பெறுகிறவர். பாரசீகமும் உருதும் கடைசி ஒலியை ஸகரமாகச் சொல்லும், அதனால் 'வாரிஸ்'. தமிழ் தன் வழக்கப்படி ஓர் உகரத்தைச் சேர்த்து வாரிசு ஆக்கிக்கொண்டது. இதே வேரில் பிறந்தது அரபியின் 'மீராத்', அதாவது வழிவழியாக வந்த உடைமை. நம்மிடம் அது மிராசு. ஆக, மிராசுதாரும் வாரிசும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். படகைத் திருப்பும் சுக்கானும் அரபிச் சொல்தான், ஆனால் அது கடல் வேலையோடு ஒட்டிய சொல். வாரிசோ தாசில்தார், ஜமாபந்தி, மிராசு என்று வருவாய்க் கணக்குச் சொற்களோடு கூட்டாகப் புழங்குவது. இன்றும் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழைத்தான்.

இந்தச் சொல்லின் கனம் இராமநாதபுரத்துக்கு நன்றாகவே தெரியும். சமஸ்தானத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போனபோது ராணி பர்வதவர்த்தினி, முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதி இல்லாமல் விதவை எடுத்த தத்து செல்லுமா என்ற வழக்கு அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. உறவினர் சம்மதம் இருந்தால் செல்லும் என்று 1868இல் தீர்ப்பு. எதிர்த்தரப்பில் நின்றவர் மதுரை கலெக்டர். வாரிசு இல்லை என்று முடிவானால் சமஸ்தானம் அரசாங்கத்துக்குப் போயிருக்கும்.

அந்த முத்துராமலிங்கரின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர், அவர் ஏறிய வண்டியைத் தாமும் சேர்ந்து இழுத்தவர். குந்துகாலில் இன்று நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: வரவேற்றவர் வாரிசாகப் பட்டத்துக்கு வந்தவர். வந்திறங்கியவர் யாருக்கும் வாரிசு இல்லை.

ராமகிருஷ்ணர் 1886இல் மறைந்தார். பிள்ளைகள் இல்லை. தட்சிணேசுவரம் காளி கோயில் பூசை அண்ணன் மகன் ராம்லாலிடம் இருந்தது. இயக்கமோ உறவுக்குள் போகவில்லை, இளம் சீடர்கள் கையில் வளர்ந்தது. பாம்பனில் இறங்கிய சில மாதங்களில், அதே 1897 மே 1 அன்று, விவேகானந்தர் கல்கத்தாவில் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். 1901இல் பேலூர் மடத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் பிரம்மானந்தரைத் தலைவராகத் தேர்ந்தார்கள். மறு ஆண்டு ஜூலை 4 அன்று விவேகானந்தர் மறைந்தபோது, அடுத்தது யார் என்ற கேள்வியே எழவில்லை. இங்கே எங்கே இருக்கிறது வாரிசு?

எல்லா இயக்கத்துக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஹரே கிருஷ்ணா இயக்கத்தைப் பாருங்கள். பிரபுபாதர் 1966இல் நியூயார்க்கில் தொடங்கியது. 1977 ஜூலை 9 தேதியிட்ட ஒரு கடிதத்தில், தமக்காகத் தீட்சை கொடுக்க 11 சீடர்களின் பெயர்கள் குறிக்கப்பட்டன. அவர்களுக்குக் கொடுத்த பெயர் 'ரித்விக்'. வேதத்தில் அது வேள்வி நடத்தித் தருபவரைக் குறிக்கும். வேள்வியின் பலன் நடத்தித் தருபவருக்கு இல்லை, நடத்தச் சொன்னவருக்கு. நவம்பர் 14 அன்று குரு மறைந்தார். 11 பேரும் தாங்களே குருமார் ஆனார்கள், ஆளுக்கொரு நிலப்பகுதி. பின்னாளில் அந்த ஏற்பாட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. குரு மறைந்த பிறகும் ரித்விக் அவர் பெயராலேயே தீட்சை கொடுக்க வேண்டும் என்று ஒரு சாரார், அவர் இருக்கும்வரைக்கும்தான் அந்த ஏற்பாடு என்று இன்னொரு சாரார். ஒரே ஒரு சொல்லின் பொருளில் இத்தனை பேருடைய நம்பிக்கை தொங்குகிறது. சொல்லைப் பார்த்து எழுது என்று நான் அந்தப் பெண்ணிடம் மறுபடி போய்ச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

அரபியைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்த இடத்தில் வாரிசு வெறும் சொத்துச் சொல் இல்லை. அறிஞர்கள் நபிமார்களின் வாரிசுகள், நபிமார்கள் பொன்னையும் வெள்ளியையும் விட்டுச் செல்வதில்லை, அறிவையே விட்டுச் செல்கிறார்கள் என்று ஒரு நபிமொழி உண்டு. தவிர, தலைமைக்கென்றே அங்கே கலீஃபா என்ற தனிச் சொல் இருக்கிறது. அதன் வேருக்குப் 'பின்னால்' என்று பொருள். கலீஃபா பின்வந்தவர். கீழக்கரையில் இந்தச் சொல் நன்கு பழகியது. தைக்கா சாகிப் என்ற சூஃபி குருவின் சீடராகி, அவர் மகளையும் மணந்து, அவருக்குப்பின் அரூசிய்யா என்ற சூஃபி வழியை நடத்தியவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). மருமகன் என்ற உறவு இருந்தது உண்மை. ஆனால் ஊர் அவரை நினைப்பது அவருடைய கல்விக்காக.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வாரிசுக்கு மாற்றாகப் பலரும் எழுதுவது வழித்தோன்றல். அது குருதி வழியைச் சொல்வது, பேரனுக்குப் பொருந்தும், சீடருக்குப் பொருந்தாது. உடைமைக்கு மரபுரிமையர் போதும். தாயம் என்று பழைய சொல் ஒன்றும் உண்டு. தாயாதிச் சண்டை என்கிறோமே, அந்தத் தாயம்தான். அது வடமொழியிலும் இருக்கிற சொல். சோழன் நலங்கிள்ளி பாடிய புறநானூற்றுப் பாட்டில் (75) 'பால்தர வந்த பழவிறல் தாயம்' என்று வருகிறது. முன்னோர் இறந்து, ஊழால் தன்னிடம் வந்த அரசுரிமை. குடிகளிடம் இரந்து வாங்கும் சிறியவனுக்கு அது தூக்க முடியாத சுமை, தக்கவனுக்கு வற்றிய குளத்தில் வெயிலில் உலர்ந்த நெட்டியைப்போல் லேசு என்கிறான். தானே அப்படிப் பட்டத்துக்கு வந்தவன் சொல்வதால் அந்த வரியை நான் நம்புகிறேன்.

என் தேர்வு திருமூலரின் சொல். மாலாங்கன் முதலான ஏழு சீடர்களின் பெயரைச் சொல்லி, 'இந்த எழுவரும் என் வழி ஆமே' என்று முடிக்கிறார். பிள்ளை என்றும் சொல்லவில்லை, உரியவர் என்றும் சொல்லவில்லை, என் வழி என்கிறார். அந்தப் பாட்டிலேயே 'வழிமுறை' என்ற சொல்லும் இருக்கிறது. தென்கோடியில் வைகுண்டரைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் சமயத்துக்கே அய்யாவழி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே, தொடங்கியவருக்குப்பின் தலைமை ஏற்பவர் வழிவந்தவர். தலைமை கைமாறும் முறை தலைமை வழிமுறை.

இதை விளக்கியபோது அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "எங்க போட்டு மாதிரிதானே சித்தப்பா?" அவள் தாத்தா சம்மாட்டி, அதாவது படகு முதலாளி. அவர் இறந்ததும் படகு சான்றிதழ்ப்படி மூன்று பிள்ளைகள் பெயருக்கும் மாறியது. சுக்கானை மட்டும் தாத்தாவோடு இருபது வருஷம் கடலுக்குப் போன வேற்று வீட்டுக்காரர்தான் இன்னும் பிடிக்கிறார். பாறை எங்கே, நீரோட்டம் எப்போது திரும்பும் என்று தாத்தா சொல்லிக்கொடுத்தது அவருக்குத்தான்.

அன்றிரவு நோட்டில் தலைப்பை 'தலைமை வழிமுறை' என்று திருத்திக்கொண்டாள். நிறுவனர் தம் மகனிடமே பொறுப்பைக் கொடுத்த இயக்கங்களைப் பற்றிய பத்தியில் மட்டும் வாரிசு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.