ஒரே கிடாவை நம்பும் கொட்டகைகள்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஆடு வளர்ப்போரைக் கால்நடை மருத்துவராகச் சந்திக்கும்போது, தீவனத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, கிடா எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டாக அதே கொட்டகையில் நிற்கிறது என்று கேட்டுவிடுவேன். நல்ல உடற்கட்டுள்ள கிடாவை விற்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் ஏழெட்டு மாதங்களில் அதன் மகள்களே பருவத்துக்கு வந்துவிடுகின்றன.

தந்தையும் மகளும் இணைந்து பிறக்கும் குட்டிக்கு உள்இனச்சேர்க்கை அளவு, அதாவது ஒரே மூதாதையின் அதே மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பு, 25 விழுக்காடு. தந்தை ஒன்றாகவும் தாய் வேறாகவும் உள்ள இரண்டு ஆடுகள் இணைந்தால் 12.5 விழுக்காடு. கொட்டகையில் 40 பெட்டைகள் நின்றாலும் கிடா ஒன்றே என்றால், மரபுக் கணக்கில் அந்த மந்தை நான்கு ஆடுகளுக்கும் குறைவான மந்தைக்குச் சமம். உறவில்லாத இன்னொரு கிடாவைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

மொஹேர் என்னும் உரோமத்துக்காக வளர்க்கப்படும் அங்கோரா ஆடுகளின் வரலாறு இதற்குத் தக்க பாடம். துருக்கியின் அங்காராப் பகுதிக்குரிய அந்த ஆடுகள் 1838இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியபோது, அவற்றில் இருந்த கிடாக்கள் இனவிருத்திக்கு உதவாதபடி மலடாக்கப்பட்டிருந்தன என்றும், உடன் சென்ற ஒரேயொரு பெட்டை வழியில் ஈன்ற ஆண் குட்டியிலிருந்தே அங்கே இனவிருத்தி தொடங்கியது என்றும் சொல்லப்படுகிறது. பின்னர் வந்த இறக்குமதிகள் இரத்தத்தை விரிவாக்கின. ஆயினும் உரோமத்தை மட்டுமே அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுத்ததால் கருச்சிதைவு பெரும் சிக்கலாயிற்று. உரோமம் கத்தரித்தபின் குளிர் தாக்கினால், உடல் நெருக்கடியைச் சமாளிக்க வேண்டிய கார்ட்டிசால் போதுமான அளவு சுரக்காமல் ஆடுகள் மடிவதும் அங்கே ஆய்வாளர்கள் கண்டறிந்த உண்மை. உரோமத்தின் எடை தராசில் தெரிகிறது, இழந்த வீரியம் தெரிவதில்லை என்பதே என் கவலை.

நம் ஊரில் இறைச்சிக்கும் பாலுக்கும் வளர்க்கும் ஜம்னாபாரி, போயர் கலப்பினங்களிலும் கேடு இதே வழியில்தான் நுழைகிறது. சினை நிற்காமை, எடை குறைந்த குட்டிகள், பால் குடிக்கத் தெம்பில்லாமல் சாகும் குட்டிகள் ஆகியவற்றை நோயென்று எண்ணி ஊசி போடச் சொல்கிறார்கள். பிறந்த குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள்: மேல்தாடையில் முன்பற்கள் இல்லாத ஆட்டுக்குக் கீழ்ப்பற்கள் மேலீறின் கெட்டியான திண்டில் சரியாகப் பதிய வேண்டும். தாடை முன்தள்ளியோ உள்வாங்கியோ இருந்தால், அந்தக் குட்டியை இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

பக்கத்துக் கொட்டகையுடன் கிடா மாற்றிக்கொள்வது நல்லதே, அது உங்கள் கிடாவின் உடன்பிறப்பாக இல்லாதவரை. ஆகவே காதுவில்லை எண்ணுடன் தாய், தந்தை, பிறந்த நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். ஆண் குட்டிகளை மூன்று மாதத்தில் பிரியுங்கள். மூத்த மகள்கள் பருவமடையுமுன் கிடாவை மாற்றுங்கள். புதிய கிடாவை ஒரு மாதம் தனியே கட்டி, கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் தொற்றுக்கான பரிசோதனை முடிந்த பிறகே மந்தையில் விடுங்கள்.