பிரேக்கும் அந்த எண்ணெயில்தான் நனைகிறது

லிப்ட் நன்றாகத் தூக்குகிறது, கியர் விழுகிறது, பிரேக்கை மிதித்தால் மட்டும் பின்னாலிருந்து கிறீச்சென்று சத்தமும் அதிர்வும் வருகிறது என்று ஒரு டிராக்டரைக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் மாற்றி அதிக நாள் ஆகவில்லை. என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "68 ஹைட்ராலிக் ஆயில், புதுசுதான்" என்றார் வண்டிக்காரர்.

அவர் மட்டமான எண்ணெய் வாங்கவில்லை. ஆனால் அது அந்த வண்டிக்கான எண்ணெய் இல்லை. இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் கியர், டிபரன்சியல், ஹைட்ராலிக் பம்ப், ஆயில் பிரேக் எல்லாமே ஒரே தொட்டியின் எண்ணெயில்தான் ஓடுகின்றன. பம்புக்கு இளகி ஓடும் எண்ணெய் வேண்டும். கியர் பற்களுக்கு அழுத்தம் தாங்கும் படலம் வேண்டும். பிரேக் தட்டுகள் வழுக்கவும் கூடாது, விட்டுவிட்டுப் பிடித்து அதிரவும் கூடாது. அதற்கென உராய்வைச் சீராக்கும் சேர்மானம் தனியாக உண்டு. இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளத்தான் யு.டி.டி.ஓ. (UTTO) எனப்படும், டிராக்டருக்கென்றே செய்த பொது எண்ணெய் வகை இருக்கிறது. சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயில் அந்த உராய்வுச் சேர்மானம் கிடையாது. 68 என்ற எண் 40 டிகிரி செல்சியஸில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கியர் ஆயில் ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. குளிர்ந்த காலையில் கெட்டியான எண்ணெயை பம்பால் வேகமாக உறிஞ்ச முடியாது. உள்ளே வெற்றிடக் குமிழ்கள் உருவாகி உடைந்து, உலோகத்தையே அரித்துவிடும். ஜி.எல்.5 என்ற கியர் ஆயில் வகையில் உள்ள கந்தகச் சேர்மானம் சில வெண்கலப் பாகங்களுக்கும் ஆகாது.

அதனால் கையேட்டைத் திறந்து, அதில் போட்டிருக்கும் தரக் குறியீட்டை டப்பாவின் பின்பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். ஜான் டீர் என்றால் ஜே20சி, மாசி பெர்குசன் என்றால் எம்1145 என்பது போல இருக்கும். "எல்லா டிராக்டருக்கும்" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில் ஜான் டீரின் பழைய தரக் குறியீடான 303 என்ற எண்ணைப் போட்டு நெடுங்காலம் எண்ணெய் விற்றார்கள். அந்தத் தரம் 1970களிலேயே கைவிடப்பட்டது. பழைய 303-இல் திமிங்கல எண்ணெய் சேர்ந்திருந்தது. பின்னாளில் அந்தப் பெயரில் வந்த தரம் குறைந்த எண்ணெய்களால் வழக்குகளே நடந்தன.

சில வண்டிகளில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி இருக்கும். அங்கே 46, 68 எண்ணெய் சரியாக இருக்கலாம். அதையும் கையேடுதான் சொல்ல வேண்டும்.

எண்ணெய் மாற்றும்போது லிப்டைக் கீழே இறக்கிவிட்டு வடியுங்கள். இல்லாவிட்டால் சிலிண்டரில் பழையது தங்கிவிடும். பில்டரையும் மாற்றிவிடுங்கள். அப்புறம் அவ்வப்போது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்தால் பெரும்பாலும் எங்கோ காற்றை இழுக்கிறது, அல்லது அளவு குறைந்திருக்கிறது.

பலரும் மறப்பது டிப்பர் டிரெய்லரை. நேற்று வேறு வண்டியில் மாட்டியிருந்த டிரெய்லரின் சிலிண்டரில் அந்த வண்டியின் எண்ணெய்தான் இருக்கும். இறக்கும்போது அது அப்படியே உங்கள் தொட்டிக்குள் வரும், தூசியும் சேர்ந்து. இரவல் டிரெய்லரை மாட்டுமுன் அந்த வண்டியில் என்ன எண்ணெய் என்று கேளுங்கள். குழாய் இணைப்பின் முனையைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.